ஒரு சாலை, பல பாடங்கள்
(குறுவள மைய ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கும் நம்மில் பெரும்பாலோர் இன்று காலை ஒரே சாலையில்தான் பயணம் செய்திருப்போம். அடையாறு மத்திய கைலாஷில் தொடங்கி மாமல்லபுரத்தில் முடியும் சாலை அது. ஆவணங்களில் மாநில நெடுஞ்சாலை 49ஏ. பலகையில் ராஜீவ் காந்தி சாலை. நம் வாயில் ஓ.எம்.ஆர்., பழைய மாமல்லபுரம் சாலை. மொத்த நீளம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர். ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை 3,700 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் தேசிய நெடுஞ்சாலை 44 உடன் ஒப்பிட்டால் இது மிகச் சிறிய சாலை. ஆனால் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை சமூக அறிவியலில் நாம் தனித்தனியாக நடத்தும் எத்தனையோ பாடங்கள் இந்த 45 கிலோமீட்டருக்குள் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. அவற்றை எப்படி எடுத்துப் பயன்படுத்தலாம் என்பதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வழியைப் பார்த்துவிடுவோம். மத்திய கைலாஷ், தரமணி, கந்தன்சாவடி, பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம், சோழிங்கநல்லூர், செம்மஞ்சேரி, நாவலூர், சிறுசேரி, படூர், கேளம்பாக்கம், தையூர், திருப்போரூர், ஆலத்தூர், பையனூர், பூஞ்சேரி, மாமல்லபுரம். வடபகுதி சென்னை மாவட்டம். தென்பகுதி செங்கல்பட்டு மாவட்டம். இந்தப் பெயர்களைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிப் போட்டாலே தமிழ்ப் பாடம் தொடங்கிவிடும். பாக்கம் என்று முடியும் ஊர்கள் எத்தனை? பாக்கம் என்பது நெய்தல் நிலத்து ஊரைக் குறிக்கும் சொல் என்று ஐந்திணைப் பாடத்தில் சொல்கிறோம். துரைப்பாக்கமும் காரப்பாக்கமும் கேளம்பாக்கமும் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று வரைபடத்தில் அளக்கச் சொன்னால், அந்த வரி மாணவருக்கு மறக்காது. ஒக்கியம் மடுவு என்று ஓர் இடம் இருக்கிறது. மடு என்றால் நீர் ஆழமாக நிற்கும் இடம். பேருந்து நிறுத்தத்தின் பெயராக மட்டும் அதைத் தெரிந்த பிள்ளைகளுக்கு, அங்கே தண்ணீர் இருந்தது, இன்றும் இருக்கிறது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

சாவடி என்ற சொல்லைப் பாருங்கள். வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம் சாவடி. கந்தன்சாவடியில் அந்தச் சொல் இன்னும் இருக்கிறது. இதே சாலையில் பிற்காலத்தில் சுங்கச்சாவடிகள் வந்தன. ஒரே சொல் இரண்டு காலத்தில் எப்படி இரண்டு வேலை செய்கிறது என்று எட்டாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் பேசத் தொடங்கிவிடுவார்கள்.

அடுத்து, சாலையின் பெயர். இதை ஏன் 'பழைய' சாலை என்கிறோம்? கடற்கரையை ஒட்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வந்து, மாமல்லபுரத்துக்குப் போகிறவர்கள் அந்த வழியைப் பிடித்த பிறகு இது பழையதாகிவிட்டது. ஆனால் பழையது என்று பெயர் வாங்கிய சாலைதான் பிறகு மாநிலத்தின் மிகப் புதிய தொழிலுக்கு முகவரி ஆயிற்று. 2000ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று தரமணியில் டைடல் பூங்காவை அன்றைய பிரதமர் வாஜ்பாய் திறந்து வைத்தார். டிட்கோ, எல்காட் என்ற இரண்டு அரசு நிறுவனங்களின் பெயர்களைச் சேர்த்து உருவாக்கிய பெயர் அது. அதன்பின் மென்பொருள் நிறுவனங்கள் தெற்கு நோக்கி வரிசையாக வந்தன. சிறுசேரியில் சிப்காட் தகவல் தொழில்நுட்பப் பூங்கா அமைந்தது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தூரம் ஆறு வழிச் சாலையாக்கப்பட்டு, 2008இல் ராஜீவ் காந்தி சாலை என்று பெயர் பெற்றது. சாலை போட்ட செலவை ஈடுகட்டச் சுங்கம் வசூலித்தார்கள். மாநகர எல்லைக்குள் இருந்த நான்கு சுங்கச்சாவடிகளில் 2021 ஆகஸ்டிலும், நாவலூர்ச் சாவடியில் 2023 அக்டோபரிலும் வசூல் நிறுத்தப்பட்டது. இப்போது மாதவரத்திலிருந்து சிறுசேரி நோக்கி வரும் மெட்ரோ ரயில் தடத்துக்கான தூண்கள் இந்தச் சாலையின் நடுவே எழுந்திருக்கின்றன.

சாலை என்பது யார் பணத்தில், யாருக்காக, யாருடைய முடிவால் வருகிறது என்ற குடிமையியல் கேள்விகள் அத்தனைக்கும் இதில் எடுத்துக்காட்டு இருக்கிறது. கிலோமீட்டர் கல்லிலிருந்தே தொடங்கலாம். கல்லின் தலையில் மஞ்சள் இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை இருந்தால் மாநில நெடுஞ்சாலை. இதைச் சொன்ன மறுநாள் நான்காம் வகுப்புக் குழந்தைகள்கூட, 'எங்க பாட்டி ஊருக்குப் போற வழியில மஞ்சக் கல்லு சார்' என்று வந்து சொல்வார்கள்.

இனி, சாலைக்குக் கிழக்கே சற்றுத் தள்ளிச் சாலையோடு கூடவே ஓடும் பக்கிங்காம் கால்வாய்க்கு வருகிறேன். நம் பிள்ளைகளுக்கு அது சாக்கடை. மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் இடம். அது ஒரு காலத்தில் நீர்வழி நெடுஞ்சாலை என்றால் நம்ப மாட்டார்கள். சென்னையிலிருந்து எண்ணூர் நோக்கி 1806இல் காக்ரேன் கால்வாய் என்ற பெயரில் தொடங்கிய அது, படிப்படியாக வடக்கே கிருஷ்ணா வடிநிலம் வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டு, ஏறத்தாழ 420 கிலோமீட்டர் ஆயிற்று. உப்பும் விறகும் மற்றச் சரக்குகளும் படகில் வந்தன. கேளம்பாக்கம், கோவளம் பகுதி உப்பளங்களுக்கு அதுதான் வழி.

இந்தக் கால்வாயின் ஒரு துண்டைப் பஞ்சம் தோண்டியது. 1876–78 பெரும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் பகுதி, பஞ்ச நிவாரண வேலையாகத் தோண்டப்பட்டது. அப்போது சென்னை மாகாண ஆளுநராக இருந்தவர் பக்கிங்காம் கோமகன். அவர் பெயர்தான் கால்வாய்க்கு நிலைத்தது. தோண்டியவர்களின் பெயர் எதற்கும் நிலைக்கவில்லை. 1877இன் தொடக்கத்தில் நிவாரணப் பணியாளரின் கூலி, ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் சில்லறைக் காசும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது சுமார் 450 கிராம். மாகாணச் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், உடலுழைப்புச் செய்கிறவருக்கு இது போதாது என்று எதிர்த்தார். பிறகு அளவு உயர்த்தப்பட்டது.

ஒன்பதாம் வகுப்பில் இதை நடத்தும்போது ஒரு தராசையும் 450 கிராம் அரிசியையும் கொண்டுபோனேன். நாள் முழுக்க மண் வெட்டிச் சுமக்கிறவருக்கு இதுதான் என்று மேசைமேல் கொட்டினேன். சத்துணவுக் கூடத்தில் அம்மாவுக்கு உதவி செய்யும் ஒரு மாணவி எழுந்து, 'இதை வடிச்சா ஒரு ஆளுக்கு மூணு வேளை வராது சார். அதுவும் வீட்டுல பிள்ளைங்க இருந்தா?' என்றாள். பஞ்சம் பற்றி நான் அதற்கு முன் எழுதிப்போட்ட குறிப்புகள் எல்லாவற்றையும்விட அந்தக் கேள்வி வகுப்பில் அதிக நேரம் நின்றது.

இப்போது இந்த உரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன். நம் சாலை வடக்கிலிருந்து தெற்கே போகிறது. இங்கே பெய்யும் மழைநீர் மேற்கிலிருந்து கிழக்கே போக வேண்டும். இந்த ஒரு வாக்கியம் புரிந்துவிட்டால், நம் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையில் பார்த்த பல விஷயங்கள் புரிந்துவிடும்.

தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் உபரிநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் வந்து சேர்கிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக இந்தச் சாலையைக் கடந்து, பக்கிங்காம் கால்வாயில் இறங்கி, தெற்கே ஓடி, முட்டுக்காடு–கோவளம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. சதுப்பு நிலம் ஒரு பெரிய பஞ்சுபோல வெள்ளத்தைக் குடித்து, மெல்ல மெல்ல விடும். அந்தப் பஞ்சு சுருங்கிவிட்டது. குப்பைக் கிடங்கு, கட்டடங்கள், சாலைகள், நிறுவன வளாகங்கள் என்று பல்வேறு வகையில் அதன் பெரும்பகுதி போய்விட்டது. மிஞ்சியதில் ஒரு பகுதி 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ஏறத்தாழ 1,250 ஹெக்டேர் பரப்புக்கு, பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சார் தகுதி கிடைத்தது. அதே ஆண்டு அந்தத் தகுதி பெற்றவற்றில் பிச்சாவரமும் கரிக்கிலியும் உண்டு.

2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும், இந்தச் சாலைக்கு மேற்கே தாழ்வாக இருக்கும் குடியிருப்புகளில் தண்ணீர் நின்றதை நாம் பார்த்தோம். பள்ளி திறந்ததும் நனைந்த புத்தகங்களை மொட்டை மாடியில் காயவைத்துக்கொண்டு வந்த பிள்ளைகள் நம் வகுப்பில் இருந்தார்கள். அவர்களிடம், 'ஏன் தண்ணி வந்துச்சு?' என்று கேட்டால், 'மழை சார்' என்பார்கள். சிலர் 'எங்க ஏரியாவே அப்படித்தான் சார்' என்பார்கள். இந்த இரண்டாவது பதில்தான் என்னை உறுத்தியது. தன் வீட்டுக்குள் தண்ணீர் வருவதைத் தலைவிதி என்று ஒரு குழந்தை நினைத்துவிட்டால், அறிவியல் பாடமும் குடிமையியல் பாடமும் அந்தக் குழந்தைக்கு என்ன செய்தன?

அதற்காகச் செய்த ஒரு சிறு செயல்பாட்டைச் சொல்கிறேன். செலவு இல்லை. ஒரு பெரிய தட்டில் ஈர மணலைப் பரப்பி, ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் தாழ்வாகவும் சரித்து வைக்க வேண்டும். உயரமான பக்கம் மேற்கு, தாழ்வான பக்கம் கிழக்கு. நடுவில் குறுக்காகக் களிமண்ணால் ஒரு கரை கட்டினால் அதுதான் சாலை. கரையின் மேற்குப் பக்கம் தீக்குச்சிப் பெட்டிகளை வீடுகளாக வைக்கலாம். கரைக்கு அடியில் ஓர் உறிஞ்சுகுழலைச் செருகி, மேற்கே ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றச் சொல்லுங்கள். தண்ணீர் தேங்கும், பெட்டிகள் நனையும். அடுத்து நான்கு குழல்களைச் செருகி அதே அளவு தண்ணீரை ஊற்றுங்கள். மூன்றாவது முறை, கரைக்கு மேற்கே நனைத்துப் பிழிந்த பஞ்சு ஒன்றைப் பதித்துவிட்டு ஊற்றுங்கள். மூன்று முறையும் தண்ணீர் வடிய எத்தனை நொடி ஆயிற்று என்று ஒரு மாணவர் எண்ண, இன்னொருவர் அட்டவணை போடலாம். ஆறாம் வகுப்புக்கு அறிவியல். ஏழாம் வகுப்புக்குக் கணக்கில் வரைபடம். வெள்ளத்துக்குக் காரணம் சாலை மட்டும் என்று முடித்துவிடக் கூடாது. பெய்த மழையின் அளவு, ஏரிகளின் நிலை, கால்வாயில் சேர்ந்த மண், கடலின் ஏற்றவற்றம் எல்லாம் சேர்ந்ததுதான் வெள்ளம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் தண்ணீருக்கு ஒரு வழி இருக்கிறது, அதைத் திறந்து வைப்பது மனிதர் கையில் இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்துவிடுகிறார்கள்.

அந்தச் செயல்பாடு முடிந்த அன்று ஒரு மாணவன் கேட்டான்: 'சார், அப்போ எங்களை ஏன் தண்ணி தேங்கற பக்கம் கொண்டுவந்து வெச்சாங்க?' இதற்கு நான் ஒரு வரியில் விடை சொல்லவில்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் வாரியக் குடியிருப்புகள் எப்படி வந்தன, ஆற்றங்கரைகளிலிருந்தும், சுனாமிக்குப் பின் கடற்கரையிலிருந்தும் குடும்பங்கள் எப்படி இங்கே இடம்பெயர்க்கப்பட்டன என்பதைக் காலக்கோடாகப் போட்டோம். அந்தக் குடியிருப்புகளைக் கட்டிய வாரியம் 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியதையும் சேர்த்தோம். வீடு கிடைத்ததும் உண்மை, வேலையும் பள்ளியும் தூரமானதும் உண்மை என்று இரண்டு பத்திகளாக எழுதச் சொன்னேன். பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள்.

அப்படி எழுதிய ஒருவன் முதல் வரியிலேயே, 'இது எங்க ஊரு இல்ல. எங்க ஊரு கூவம் பக்கம்' என்று எழுதியிருந்தான். வரைபடத்தை எடுத்து, கூவத்தில் விரலை வைத்துப் பக்கிங்காம் கால்வாயோடு தெற்கே நகர்த்தச் சொன்னேன். அடையாற்றைத் தாண்டி, விரல் நம் பள்ளிக்குக் கிழக்கே வந்து நின்றது. 'ரெண்டு ஊரும் ஒரே கால்வாய்க்கரையா சார்?' என்று கேட்டுவிட்டு, இன்னொரு முறை விரலை நகர்த்திப் பார்த்தான். வரலாறு என்றால் பிள்ளைகளுக்கு வேறு யாரோ ஒருவருடையதாகத்தான் இருக்கிறது. அது தன்னுடையது என்று தெரியும் நொடி எப்போதாவது ஒருமுறைதான் வகுப்பறையில் கிடைக்கிறது.

சாலையின் தெற்குப் பகுதியையும் விட்டுவிடக் கூடாது. திருப்போரூர்க் கந்தசாமி கோயில் பனைமரத்தோடு தொடர்புடைய தலவரலாறு கொண்டது. பனை நம் மாநில மரம் என்று நடத்தும் நாளில் அந்தக் கதையைச் சொல்லலாம். அந்தக் கோயிலைப் புதுப்பித்த சிதம்பர சுவாமிகள் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவர். திருப்போரூர்ச் சந்நிதிமுறை பாடியவர். மாமல்லபுரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். 7, 8ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கலை. 1984 முதல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னம். 1957இல் தொடங்கிய அரசு சிற்பக் கல்லூரியின் வழியாக அந்த உளிச்சத்தம் இன்றும் தொடர்கிறது. 2022இல் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் பூஞ்சேரியில் நடந்தபோது உலகமே இந்தச் சாலையின் தென்முனைக்கு வந்தது.

வடமுனையில் தரமணியில் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. பிள்ளைகளை டைடல் பூங்காவின் கண்ணாடிக் கட்டடத்தைக் காட்டி, 'நல்லாப் படிச்சா அங்க போகலாம்' என்று சொல்கிறோம். சொல்லலாம், தவறில்லை. அதற்குப் பக்கத்திலேயே நூறாண்டுக்கு முந்தைய தமிழ் நூல்களையும் இதழ்களையும் பாதுகாக்கும் இடம் இருப்பதையும், அதுவும் படித்தவர் போய்ச் சேரும் இடம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை, இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இதற்கென்று தனிப் பாடவேளை எடுப்பதில்லை. பல்லவர் பாடம் வரும்போது சாலையின் தென்முனை, காலனிய ஆட்சிப் பாடத்தில் கால்வாய், ஈரநிலப் பாடத்தில் பள்ளிக்கரணை, உள்ளாட்சிப் பாடத்தில், 2011இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்து பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் மண்டலங்களானது. அந்தந்தப் பாடத்துக்குள் பத்து நிமிடம் போதும். வகுப்புச் சுவரில் ஒரு நீள வரைபடம் ஒட்டிவைத்தால், ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு புள்ளி கூடும். ஆண்டு முடிவில் சாலை நிறைந்திருக்கும்.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு இன்னும் எளிது. ஊர்ப் பெயர்களை வாசித்தல், கிலோமீட்டர் கல்லைப் பார்த்துக் கழித்தல் கணக்கு, பேருந்துக் கட்டணக் கூட்டல், 'எங்கள் தெரு வழியாகப் போகிறவர்கள்' என்று ஐந்து வரி எழுதுதல்.

களப்பயணம் பற்றி ஓர் எச்சரிக்கை. இந்தச் சாலையில் பிள்ளைகளை வரிசையாக நடத்திக் கூட்டிப்போக வேண்டாம். வண்டிகளின் வேகமும் மெட்ரோ பணித் தடுப்புகளும் அதற்கு ஏற்றவை அல்ல. வெளியே அழைத்துச் செல்வதாக இருந்தால் தலைமையாசிரியர் அனுமதியும், பெற்றோர் ஒப்புதலும், பள்ளி மேலாண்மைக் குழுவின் துணையும், வண்டி ஏற்பாடும் இருக்கட்டும். பெரும்பாலான வேலையை வகுப்பறையிலும் வீட்டிலும் முடிக்கலாம். தாத்தா பாட்டிகளே நல்ல ஆவணம். கால்வாயில் படகு போனதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை எழுதிவைக்க நமக்கு அதிக ஆண்டுகள் இல்லை.

இந்த உரையைப் பிற மாவட்டங்களில் படிக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பள்ளி வாசலிலும் ஒரு சாலை போகிறது. அது எந்த இரண்டு ஊர்களை இணைக்கிறது, அதற்கு முன் எந்த வழி இருந்தது, தண்ணீர் அதை எங்கே கடக்கிறது, அந்தச் சாலையால் வந்தவர்கள் யார், போனவர்கள் யார்? இந்த நான்கு கேள்விகளை உங்கள் வகுப்பில் கேளுங்கள். விடைகளில் பாதி உங்களுக்கே புதிதாக இருக்கும். அதைப் பிள்ளைகள்தான் கொண்டுவருவார்கள்.